முந்திச் சொன்ன வாழ்த்து

ஜெர்மன் வகுப்பில் என்னை எல்லோரும் ஆண்ட்டி என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் ஈவினிங் மேம்" என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான், பாடம் நடத்த வந்தவள் நான் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஐம்பதைத் தொடும் வயதில், உப்பலில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு செகந்திராபாத் வந்து, காலேஜ் மாலை வகுப்பில் 'என் பெயர் இது, என் ஊர் இது' என்று ஒப்பிக்க உட்கார்ந்தவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

கூடப் படித்தவர்கள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகத் துடிக்கும் பிள்ளைகள், நர்ஸ் வேலைக்குப் போக இருக்கும் பெண்கள், மாதாப்பூர் ஆபீஸ்களிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வருகிற இரண்டு மூன்று பேர். "நீங்க எதுக்கு ஆண்ட்டி கத்துக்கறீங்க?" என்று கேட்பார்கள். "பொழுது போகல, அதான்" என்பேன். பச்சைப் பொய். என் தங்கை மகள் என்னோடு வாய் திறந்து பேச வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வேறு எந்த எழவுக்கும் இல்லை.

தங்கை எனக்கு ரொம்ப இளையவள். ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலை பார்த்து, அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். தங்கை சொல்லிக்கொடுத்து என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார், நாங்களும் அவரை மாப்பிள்ளை என்றே சொல்லுவோம். ஒரே பெண். தங்கை அவளிடம் தமிழில்தான் பேசுவாள். குட்டியும் போனில் "பெரிம்மா, சாப்ட்டியா? என்னா கொழம்பு?" என்று கேட்கும். மௌலா அலியில் எங்கள் காலனியிலேயே பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லும். அவ்வளவு தூரத்தில் ஒரு குழந்தை குழம்பு என்னவென்று தமிழில் கேட்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதானபோது, ஒரு மார்ச் மாதத்தில், தங்கை சமையலறையில் நின்றபடியே கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள். எனக்கு விசா கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளை மண்ணில் இறக்கியதை நான் போனில் பார்த்தேன். யாருக்கும் வரக்கூடாது அந்த நிலைமை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மாப்பிள்ளை வீடியோ கால் போடுவார். குழந்தை வராது. அவர் போனை அவள் பக்கம் திருப்பினால் பாதி நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும். "ஹலோ" என்பாள். நான் தமிழில் கொஞ்சுவேன், கெஞ்சுவேன். அவள் என்னைப் பார்க்காமல் "ட்ச்சூஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். போய் வருகிறேன் என்று அர்த்தமாம். குழந்தை போனுக்கு வந்தால்தானே போய் வருவதற்கு?

நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தமிழ் பேச யார் இருக்கிறார்கள்? குழந்தைக்குத் தமிழ் மறந்துவிட்டது, பதில் சொல்ல வராததால் வெட்கப்பட்டு ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். அவளால் தமிழுக்கு வர முடியாவிட்டால் நான் ஜெர்மனுக்குப் போகிறேன், அவ்வளவுதானே? என் வீட்டுக்காரர் ஃபீஸ் ரசீதைப் பார்த்துவிட்டு, "ஹவ்! இந்த வயசுல ஜெர்மனா? கைக்கு?" என்றார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். சந்தோஷமானாலும் கோபமானாலும் பாதி ஹிந்தியில்தான் வரும், 'கைக்கு' என்றால் எதற்கு என்று அர்த்தம். "கைக்குன்னா? எம் பொண்ணு கூடப் பேச வேணாமா?" என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் ரசீதை மடித்து என் பையில் வைத்தார்.

படித்தேன் ஐயா, படித்தேன். என்ன பாஷை அது! கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். அதுகூடப் போகட்டும், பெண்குழந்தை அஃறிணையாம்! எவன் உட்கார்ந்து யோசித்தானோ. முதல் செமஸ்டரில் நான் பாஸானதே பிள்ளையார் புண்ணியம். வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். மேல் வீட்டு அம்மா தெலுங்கில், "யாரைத் திட்டுறீங்க வதினா?" என்று கேட்டிருக்கிறாள்.

மூன்றாவது செமஸ்டரில் இடைநிலைக்கு வந்தோம். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினைச்சொல் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, நம் தமிழ் மாதிரியே. பையன்கள் எல்லாம் தடுமாறினார்கள், நான் தடதடவென்று சொன்னேன். எங்கள் டீச்சர் ஒரு தெலுங்குப் பெண், என் தங்கை வயது இருக்கும், சில வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். இலக்கணத்தோடு அந்த ஊர்ப் பழக்கங்களையும் சொல்லித் தருவாள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது. ஐந்து மணிக்கு வா என்றால் ஐந்துக்கு வர வேண்டும், வீட்டிலிருந்து கிளம்பக் கூடாது. நாங்கள் எல்லோரும் ஹைதராபாத்காரர்கள், கேட்டுக் கேட்டுச் சிரிப்போம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு மட்டும் தோல்விதான். வாரம் முழுக்கத் தயார் செய்த கேள்விகளைக் கேட்பேன். என்ன சாப்பிட்டாய்? "ரொட்டி." பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? "நல்லா இருக்கு." அவ்வளவுதான். என் ஜெர்மன் அவளுக்குப் புரிந்தது. என்ன கேட்டாலும் சரியாகப் பதில் சொன்னாள். ஆனாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் உச்சரிப்புதான் கோளாறு என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிறந்தநாள் என்றால் நட்சத்திரப் பிறந்தநாள்தான். பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத் தலைக்குக் குளித்து, கோவிலில் அர்ச்சனை செய்து, பாயசம் வைப்போம். தேதி என்பது பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுக்கு. சில வருஷம் நட்சத்திரம் தேதிக்கு முன்னால் வரும், சில வருஷம் பின்னால் வரும். எப்படி வந்தாலும், அன்றைக்கு யார் முதலில் வாழ்த்துகிறார்கள் என்பதில் எனக்கும் தங்கைக்கும் எப்போதும் போட்டி. அவள் ஜெர்மனி போன பிறகும் நான்தான் முதலில் கூப்பிடுவேன். தேதிக்கு முன்னால் நட்சத்திரம் வரும் வருஷங்களில் அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுவாள். "உள்ள டவர் கிடைக்கலக்கா" என்பாள். நானும் நம்பினேன்.

அவள் போன வருஷம் துக்க வருஷம். பண்டிகை கிடையாது, வாழ்த்தும் கிடையாது. குழந்தையின் பிறந்தநாளுக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் கார்த்திகையில் குழந்தைக்கு ஏழு முடியும். நட்சத்திரம் தேதிக்குச் சில நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஸ்டேஷன் பக்கத்துக் கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஆபீஸுக்கு லீவு. சேமியா பாயசம். பட்டுப்புடவை வேறு. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் நமக்குச் சாயங்காலம். மாப்பிள்ளையிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் கூப்பிட்டேன். அவள் முகம் தெரிந்ததும், பாயசக் கிண்ணத்தைக் காட்டி, ஒரு எழுத்துத் தப்பில்லாமல், "ஹெர்ஸ்லிஷென் க்ளூக்வுன்ஷ்!" என்று பிறந்தநாள் வாழ்த்தைப் பாடுகிற மாதிரி சொன்னேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "நைன்!" என்று ஒரு அலறல். வேண்டாம், வேண்டாம் என்று கத்திக்கொண்டே போனைத் தள்ளிவிட்டாள். திரை கறுப்பானது. ஓடுகிற காலடிச் சத்தம், எங்கோ ஒரு கதவு அடைபடும் சத்தம். மாப்பிள்ளை போனை எடுத்து, இங்கிலீஷில், "அக்கா, மன்னிச்சிடுங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? "நன்றி கெட்ட கழுதை! இதுக்காகவா நான் ஆட்டோவுல இடிபட்டு இடிபட்டுப் படிச்சேன்?" என்று கத்தினேன். "குழந்தையப் போய்க் கழுதைன்றியே, நக்கோ ஜி, வேணாம்" என்றார் வீட்டுக்காரர். பாயசத்தை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் 'எங்கள் வீட்டு விசேஷம்' பற்றிப் பேச வேண்டும். போனாலு பண்டிகையையும் சங்கராந்தியையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் நட்சத்திரப் பிறந்தநாளைப் பற்றிப் பேசினேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பிறந்தநாள், என் தங்கை மகளுக்கு அடுத்த வாரம்தான் தேதி, ஆனால் நேற்றே வாழ்த்திவிட்டேன், யாரும் என்னை முந்த முடியாது என்று சொல்லி முடித்தேன். தப்பே வரவில்லை. கை தட்டினார்கள்.

டீச்சர் கை தட்டவில்லை. "தேதிக்கு முன்னாலயா சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். ஜெர்மனியில் பிறந்தநாளுக்கு முன்னால் யாரும் வாழ்த்த மாட்டார்கள். முதல் நாள் சாயங்காலம்கூடச் சொல்ல மாட்டார்கள். அபசகுனம். அந்த நாளைப் பார்க்க அந்த ஆள் இருக்க மாட்டார் என்று ஒரு பயம். "ஹரே, அங்கயும் நம்ம ஊர் மாதிரி சகுனமா ஆண்ட்டி!" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் தங்கை விழுந்த அந்த மார்ச்சிலும் அவள் நட்சத்திரம் தேதிக்கு முன்னால்தான் வந்தது. அன்றைக்கும் நான்தான் முதலில் கூப்பிட்டேன். அன்றைக்கு அவள் கை மாவாக இருந்தது, வீட்டார் காதில் விழாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓட முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள். நான் இங்கிலீஷில் 'ஹேப்பி பர்த்டே' என்று தொண்டை கிழியப் பாடினேன். அவளுடைய மாமியார் அன்றைக்கு வந்திருந்தார், குழந்தையும் அங்கேயே இருந்தது. தேதி வருவதற்குள் தங்கை போய்விட்டாள்.

வகுப்பு முடிகிற வரை உட்கார முடியவில்லை. வெளியே வந்து, ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவள் அன்றைக்கு ஜெர்மனில் கேட்டேன். "குழந்தை என்னைப் பார்த்து பயப்படறாளா?" என்று.  அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. ஆஸ்பத்திரியில் அவர் அம்மா அழுதுகொண்டே, முன்னாலேயே வாழ்த்தியிருக்கக் கூடாது, கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவே அதை நம்புகிறவர் இல்லையாம். துக்கத்தில் வந்த பேச்சாம். குழந்தை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அது அவள் காதில் விழுந்தது மாப்பிள்ளைக்கே நேற்றுத்தான் தெரியுமாம்.

"நேத்து அவ எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா அக்கா? பெரிம்மா எனக்கும் முன்னாடியே சொல்லிட்டாங்க, நானும் அடுத்த வாரத்துக்குள்ள செத்துடுவேனான்னு கேட்டா."

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒன்றைக்கூடத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருஷம் படித்தது இதைக் கேட்கவா? அந்தக் குழந்தைக்குத் தமிழ் மறக்கவும் இல்லை, வெட்கமும் இல்லை. வாரா வாரம் அவள் அம்மாவைக் கொன்றவளைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தி, ஹலோ சொல் என்றிருக்கிறோம்.

மறு வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போனேன். ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கச் சொன்னேன். 'என் வாழ்த்து உன் அம்மாவைக் கொல்லவில்லை, வாழ்த்து யாரையும் கொல்லாது.' டீச்சர் ஒரே ஒரு வினைச்சொல்லை இடம் மாற்றினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்க முடியாமல் பையை மூடிக்கொண்டே இருந்தாள். அந்த வாக்கியத்தை நான் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. குழந்தை போன் பக்கமே வர மறுத்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம். இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் கேட்கிறாளாம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாட்களில் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. வாழ்த்து கொல்லாது என்று வாக்கியம் தயாரித்தவள்தான் நான். ஆனாலும் அவள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவாளே, அங்கே பனியாமே, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஜுரம் கிரம் வந்துவிட்டால்? ஆபீஸில் போன் அடித்தாலே எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து மலை மேல் இருக்கிற தர்காவுக்கும் போய் நின்றேன். "தங்கச்சி போனது விதி. அதுக்கு நீ என்ன பண்ணுவே? பரேஷான் ஆகாதே" என்றார் வீட்டுக்காரர். அவரும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தேதி வந்தது. நமக்கு விடிந்தால் அவர்களுக்கு விடியாது. நான் கூப்பிடவில்லை, கூப்பிடத் தைரியம் இல்லை. மத்தியானம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அங்கிருந்து கால் வந்தது. எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன். குழந்தைதான். தனியாகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழு முகமும் தெரிந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தங்கைக்கும் அந்த வயதில் அதே பல்தான் முதலில் விழுந்தது.

"நான் சாகல" என்றாள் ஜெர்மனில்.

எனக்குப் படித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆமாண்டி தங்கம்" என்று தமிழில்தான் வந்தது. அழுதுவிட்டேன். அவள் நான் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீ சொல்லலாம். இன்னிக்குத்தான் அந்த நாள்" என்றாள்.

சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு எதையோ யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு அந்த நாள்ல யாருமே சொல்லல" என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். தங்கையின் தேதி வந்தபோது அவள் போய் நான்கைந்து நாள் ஆகியிருந்தது. பெட்டியும் காகிதமும் தூதரகமுமாக நாங்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவள் பிறந்தநாள் என்பதே என் நினைவில் இல்லை. அந்த ஐந்து வயதுக் குழந்தை மட்டும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆமா, யாரும் சொல்லல" என்றேன்.

"லேட்டா சொன்னா ஒண்ணும் ஆகாது. முன்னாடிதான் சொல்லக் கூடாது. லேட்டா எப்ப வேணா சொல்லலாம்" என்றாள். அந்த ஊரில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதாம், எனக்குத் தெரியாத சொல். அவள் இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள். நானும் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறேன் என்றாள்.

போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூடத்தில் அலமாரி மேல் தங்கையின் படம். போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பாவிப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சேர்ந்து சொல்லணும்" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். இருவரும் தொடங்கினோம். நான் பாதியில் படத்தையே பார்த்து நின்றுவிட, கடைசிச் சொல்லை அவள் மட்டும் தனியாகச் சொன்னாள்.

 பிறகு போனுக்குப் பின்னாலிருந்து, தமிழில், "பெரிம்மா, கேக்கல. சத்தமா சொல்லு" என்றாள்.